உன் அப்பாவுக்குள் பிசாசு இல்லை

சாமு, நீ சௌக்கியமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சௌக்கியமாக இருப்பதைத்தான் உங்கள் சபை போடும் வீடியோக்களில் வாரம் தவறாமல் பார்க்கிறேனே. வெள்ளைச் சட்டை, கையில் மைக், முகத்தில் ஒரு வெளிச்சம். நல்லது. இதை எழுதி உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஞாயிறு பேப்பருக்கு அனுப்புகிறேன். அவர்கள் போடாவிட்டால் இங்கே ஈப்போவில், நம் புந்தோங் பக்கம் தெரிந்த கடைக்காரர்களிடம் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்வேன். நீ உன் அப்பாவை ஊருக்கெல்லாம் காட்டினாய். உன் அம்மா உனக்கு என்ன எழுதினாள் என்பதையும் அதே ஊர் படிக்கட்டும். ஊரார் படிப்பதால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். நாங்கள் பொறுத்ததைவிட அது ஒன்றும் பெரிதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் நீ வந்தாய். அப்பாவுக்கு என்று கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் குசினிக்கு வந்தாய்.

"ம்மா, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. அப்பா விசயமா பேசணும்."

"பேசு."

"சிலிம் ரிவர்ல ஒரு ஹோம் இருக்கு. நல்லா பாத்துக்குவாங்க. ரெண்டு நாளைக்கு அங்க விட்டுட்டா நீங்க நிம்மதியா வந்து உக்காரலாம்லா."

"யாருக்கு நிம்மதி?"

"புரிஞ்சுக்கங்கம்மா. பாஸ்டர் வீட்டுல பயப்படுறாங்க. அந்த ஆவி அப்பாவ விட்டு இன்னும் முழுசா போவலன்னு பாஸ்டர் சொல்றாரு. மோதிரம் மாத்துற எடத்துல அது இருக்கக் கூடாதாம். இல்லன்னா அதுக்கு முன்னால இன்னொரு தடவ ஜெபம் வைக்கணும். நீங்கதான் அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்குறீங்க."

"அப்ப அப்பா எடத்துல யாரு நிப்பா?"

நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "சபை மூப்பர் ஒருத்தர் நிப்பாரு. எல்லாம் பேசியாச்சு."

உன்னைப் பெற்றவர் ஹாலில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் இடத்துக்கு ஆள் பேசி முடித்துவிட்டு வந்து, கொதிக்கிற குழம்பைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்கிறாய். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். நீ சாப்பிடாமலே போனாய், நல்லதாகப் போயிற்று.

உன் அப்பா சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர், பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுக்கிற வேலை. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் போனால், வெயில் ஏறிய பிறகுதான் வெளியே வருவார். அந்த எஸ்டேட்டில் ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். இங்கே அவர் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் காவலுக்கு நின்றார். நான் ஒரு நர்சரியில் பிள்ளைகளுக்குச் சமைத்தேன். உன்னைப் படிக்க வைத்தது அந்த நிற்பும் இந்தச் சமையலும்தான். வேலையை விட்டு நின்ற பிறகுதான் அவருக்கு இந்த நோய் வந்தது. முதலில் வீட்டுச் சாவியை வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு மறந்தது. அப்புறம் எஸ்டேட்டில் அவரோடு மரம் வெட்டிய மாணிக்கம் அண்ணன், அவர் செத்து எவ்வளவோ வருஷமாகிறது, டிவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார ஆரம்பித்தார். "மாணிக்கம் வந்திருக்கான், தேத்தண்ணி குடு" என்பார் அப்பா. நானும் ஒரு கோப்பை கொண்டுபோய் வைப்பேன். சற்று நேரம் கழித்து அதை நானே குடித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர் அம்மா உன் முன்னால்தான் சொன்னார். "ஆன்ட்டி, இது மூளையில வர்ற நோவு. இல்லாத ஆள அங்கிள் பாப்பாரு. இல்லன்னு சண்ட போடாதீங்க. சத்தம் போடாதீங்க. பயந்தா இன்னும் மோசமாவும்." நீ கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினாய். புரிந்துதான் ஆட்டினாய் என்று நான் நினைத்தேன். வெளியே வந்து காரில் ஏறும்போது, "டாக்டருக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும், இது செத்தவங்க ஆவி வேசம் போட்டு வர்றது" என்றாய். உன் பாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அடுத்த ஞாயிறு மதியம் உங்கள் ஜெபக்குழு வந்தது. கதவைத் திறந்துவிட்டவள் நான். ஜெபம் என்றுதானே சொன்னாய், ஜெபத்தை யார் வேண்டாம் என்பார்கள். பிறந்ததிலிருந்து ஜெபத்தில் வளர்ந்தவள் நான். எஸ்டேட் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவள். சத்தமில்லாமல் தலையில் கை வைத்து, நோயாளிக்காக நாலு வார்த்தை வேண்டிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். காப்பிக்குத் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்தேன். நீங்கள் ஜன்னலையெல்லாம் சாத்தினீர்கள். ஃபேனை நிறுத்தினீர்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பாஸ்டர் அவர் காதுக்குள் கத்தினார். "நீ யாரு? பேரச் சொல்லு. எப்ப இந்த ஒடம்புக்குள்ள வந்த?" சுற்றி நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நீ அவர் தோளை அழுத்திப் பிடித்திருந்தாய். நீ கட்டப்போகிற பாஸ்டர் மகள் ஜெனி மூலையில் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பயம் வந்தால் உன் அப்பாவின் கைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் அதைத்தான் செய்தன. வலது கை எதையோ உரித்து, விரலில் சுருட்டி, இடுப்புப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. பிறகு இடது பக்கம் உயரத்தில் தொடங்கிச் சரிவாக இழுத்துக்கொண்டு வலது பக்கம் இறங்கியது. மறுபடியும் உரித்துச் சுருட்டி இடுப்பில். மறுபடியும் உரித்துச் சுருட்டி இடுப்பில். உடனே பாஸ்டர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். "பாத்தீங்களா, கோடு போடுது. யாரோ இவருக்கு மந்திரம் பண்ணி வச்ச அடையாளம் இது" என்றார். உங்கள் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் பயந்து பின்னால் நகர்ந்தான்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஈப்போ டவுனில் பிறந்து, கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளைகள். பால் மரத்தைக் கிட்டத்தில் பார்த்தே இருக்க மாட்டார்கள். முதல் நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இடுப்புப் பையில் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் பட்டையில் கத்தியை வைத்து இழுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள். ஆனால் நீ? நீ நடை பழகியதே அந்த எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில்தான். ஈப்போவுக்கு வந்த பிறகும், பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பழைய வேலையை நடித்துக் காட்டு என்று வாத்தியார் சொன்னபோது, அவரைக் கூப்பிட்டு ஹாலில் நிற்க வைத்து இந்தக் கையசைவை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகினவன் நீ. கைதட்டு வாங்கி வந்தாய். அந்தக் கை என்ன செய்கிறது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். நான் சொல்ல வாயெடுத்தேன். "அது மரம் வெட்டுறாருங்க, பயந்தா அப்படித்தான்" என்றேன். பாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே, "அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கு வெசுவாசம் கொறச்சல்" என்றார். நீ ஒரு வார்த்தை, "ஆமாங்க பாஸ்டர், அது மரம் வெட்டுறதுதான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாய்.

என்னை வாசல் வரைக்கும்தான் தள்ள முடிந்தது. அங்கிருந்து எல்லாம் கேட்டது. மறுபடியும் பேரைக் கேட்டார்கள். அவர் அழுதுகொண்டே உன் பேரைச் சொன்னார். "சாமு. சாமு, எங்கய்யா இருக்க." அவர் தோள்மேல் இருப்பது உன் கைதான் என்று அவருக்குத் தெரியவில்லை. உன்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அப்போது பாஸ்டர் சொன்னார், "பதில் குடுக்காத. அது உன் பேர வச்சு உன்ன ஏமாத்தப் பாக்குது." அது உங்கள் சட்டமாம். ஆவி பேசினால் பதில் பேசக் கூடாதாம். நீ பேசவில்லை. உன் அப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவர் குரல் கம்மிப்போகும் வரைக்கும் கூப்பிட்டார். என் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் சோர்ந்து தலையைத் தொங்கப் போட்டதை, "வெளிய போயிடுச்சு" என்று சொல்லிக் கைதட்டினீர்கள். அவர் வேட்டி நனைந்திருந்தது. அதையும் ஆவி போனதற்கு அடையாளம் என்றான் ஒருத்தன். துடைத்துவிட்டது நான். அந்த வாரமே வீடியோ வந்தது. அடுத்த வாரம் நீ மேடையேறிச் சாட்சி சொன்னாய். "என் குடும்பம் இருட்டில் கிடந்தது. என் அப்பா பிசாசின் பிடியில் குடித்து அழிந்தவர்." உங்கள் சபையில் சாட்சி என்றால் முன்கதை கறுப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் பின்கதை வெளுப்பாகத் தெரியும். உன் கதைக்குக் கறுப்பு பத்தவில்லை என்று அப்பா முகத்தில் மை பூசினாய். கூட்டம் ஆமென் சொன்னது. பாஸ்டர் உன்னைக் கட்டிப்பிடித்தார். பெண்ணும் கொடுக்கிறார்.

பிசாசைப் பற்றி உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது உன் பாஸ்டர் இல்லை, நான். அதனால் கொஞ்சம் கேள். வேதத்தில் அவன் முதன்முதலாக வந்து பேசும் இடத்தில் கத்தவில்லை, யாரையும் தரையில் போட்டு உருட்டவில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். பழத்தைத் தின்ற பிறகு அந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? ஆண்டவர் கேட்டபோது புருஷன் பெண்சாதியைக் கைகாட்டினான். பெண்சாதி பாம்பைக் கைகாட்டினாள். நான்தான் தின்றேன், எனக்குப் பசிக்கவில்லை, ஆனாலும் தின்றேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவனுடைய வேலை அங்கேதான் ஆரம்பித்தது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குள் சாத்தான் புகுந்தான் என்று வாசிக்கிறோம். அவன் வாயில் நுரை தள்ளியதா? கண் சொருகியதா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அமைதியாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனான். கூட இருந்தவர்கள் ஏதோ சாமான் வாங்கப் போகிறான் என்று நினைத்தார்கள். இந்தக் கதையை எத்தனை ஞாயிறு உன்னை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். கை நடுங்குகிறவனுக்குள் பிசாசைத் தேடுகிறாயே, கை நடுங்காமல் அப்பனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி ஏன் நினைக்கவில்லை?

அப்பா குடித்தார். இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா? எஸ்டேட்டில் கடைசி இரண்டு வருஷம், வேலை போகப் போகிறது என்று தெரிந்த பிறகு, சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வருவார். ஒருநாள் நான் சோற்றுப் பானையை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்ததற்குக் காலால் உதைத்து உடைத்தார். எனக்கும் ஓர் அடி விழுந்தது. மறுநாள் எங்கள் பழைய போதகர், ஆயர் தாவார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், அவரிடம் நான் அழுதேன். "சாத்தான் செஞ்ச வேலைங்கய்யா, இவரு நல்லவரு" என்றேன். புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அப்படிச் சொன்னேன். உன் அப்பா அங்கேதான் படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஞானஸ்நானம் எடுத்ததே என்னைக் கட்டுவதற்காகத்தான். வேதம் நாலு வரிகூடப் படித்ததில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அவன் மேல போடாத, புள்ள. அவனா குடிச்சான்? நான்தான் குடிச்சேன். நான்தான் ஒதச்சேன்."

போதகர், "அப்ப நான் ஜெபம் பண்ண வேண்டியது கொஞ்சந்தான் இருக்கு" என்று சொல்லி, அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஒரே நாளில் திருந்தவில்லை. விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டார். ஈப்போவுக்கு வந்த பிறகு முழுசாக விட்டார். ஒருதரம்கூட அவர் அதற்குப் பிசாசைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில்லை. குடித்து அழிந்தவர் என்று மேடையில் சொன்னாயே, அழியாமல் எழுந்து வந்தவருக்குத்தான் நீ பிள்ளை. அந்தப் பாதியை ஏன் முழுங்கினாய்? சொல்லியிருந்தால் உன் கதையில் உனக்கு இடம் குறைந்திருக்கும்.

நீ பதினாறு வயதில் கூட்டாளியோடு மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய், மெங்லெம்பு ரோட்டில் விழுந்து, அந்தப் பையனைக் கால் முறிந்த நிலையில் ரோட்டோரத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாயே, அதையும் ஊரார் படிக்கட்டும். "சாத்தான் என்ன இழுத்துட்டான்மா" என்று என் மடியில் விழுந்து அழுதாய். நான் உன்னை அணைத்துக்கொண்டு முழங்கால் போட்டேன். அப்பா உள்ளே வந்தார். "ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம். சட்டையப் போடுடா" என்றார். உன்னைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், அந்தப் பையனின் அம்மா முன்னால் நிறுத்தினார். நீ "நான்தான் விட்டுட்டு ஓடிட்டேன் ஆன்ட்டி" என்று சொன்னாய். அந்தம்மா உன்னை அறைந்தாள். அப்பா தடுக்கவில்லை. வரும் வழியில் உனக்கு ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, நீ சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ அன்று வீட்டுக்கு வந்தபோது, கன்னம் வீங்கியிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. விடுதலை என்று மேடையில் முழங்குகிறாயே, உன் ஆயுசில் நான் கண்ணால் பார்த்த விடுதலை அதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாரும் கத்தவில்லை.

கல்யாணம் பண்ணப் போகிறாய், அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அம்மா வெறும் சண்டைக்காரி என்று ஆகிவிட வேண்டாம். நாளைக்கு உனக்கும் ஜெனிக்கும் சண்டை வரும். வராத வீடு கிடையாது. அப்போது "சாத்தான் நமக்குள்ள பூந்துட்டான்" என்று கைகோத்துக்கொண்டு ஜெபம் பண்ணி முடித்துவிடாதீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யார் கத்தினது, யார் பொய் சொன்னது, அதை முதலில் ஆளுக்கு ஆள் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஜெபம் எங்கும் ஓடிப் போகாது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. படம் பிடித்த கைதானே. ஆனால் அவள் அப்பன் சொல்லி அவள் பிடித்தாள், அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அவளைப் பற்றியாவது சொல்லிக்கொள்ளலாம்.

பிசாசு இல்லை என்று நான் சொல்லவில்லை, சாமு. இருக்கிறான். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. இராப்பகலாகக் குற்றம் சுமத்துகிறவன் என்றுதான் வேதம் அவனுக்குப் பேர் வைத்திருக்கிறது. ஒருத்தனைக் கைகாட்டி, இவன் கெட்டவன், இவன் அசுத்தம், இவனைத் தள்ளு என்று சொல்வதுதான் அவன் தொழில். நம் ஆண்டவரையே கோயில் உச்சிக்குக் கூட்டிப் போய், இங்கிருந்து குதி, எல்லாரும் பார்த்து அசந்து போவார்கள் என்றவன் அவன். வேத வசனத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் அதையும் சொன்னான். உன்னையும் ஒரு மேடைமேல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கீழே ஆயிரம் பேர் ஆமென் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தில் அப்பா கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை. எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம். அவரை நினைத்து இல்லை. அவர் யாரையும் தள்ளியதில்லை. வேதத்தில், பிசாசு பிடித்துக் கல்லறையில் கிடந்த பைத்தியக்காரனைச் சுகமாக்கிய பிறகு, உங்கள் கூடவே வருகிறேன் என்று அவன் கெஞ்சினபோது, ஆண்டவர் அவனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் ஜனத்திடம் போ என்றார். உங்கள் பாஸ்டர் அந்தப் பகுதியைப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

இப்போது நான் முடிவு பண்ணியதைச் சொல்கிறேன். சிலிம் ரிவர் ஹோமுக்கு உன் அப்பா போகமாட்டார், இரண்டு நாளைக்கும் சரி, இரண்டு மணி நேரத்துக்கும் சரி. இன்னொரு ஜெபமும் இந்த வீட்டில் நடக்காது. உன் கல்யாணத்தன்று அவர் முன் வரிசையில், என் பக்கத்தில், உன் அப்பாவாக உட்கார வேண்டும். கையை ஆட்டினால் ஆட்டட்டும். மாணிக்கம் அண்ணனுக்கு இடம் போடச் சொன்னால் நான் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவேன். அது முடியாது என்றால் நானும் வரவில்லை. அவர் இடத்துக்கு மூப்பரைப் பேசியது மாதிரி என் இடத்துக்கும் ஒரு அம்மாளைப் பேசிக்கொள். உங்கள் சபையில் ஆளுக்கா பஞ்சம்.

ஒரு சங்கதி உனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம், விளக்கு போட்டதும், அவர் வாசல் பக்கம் திரும்பி என்னிடம், "சாமு வந்துட்டானா, சாப்பிட்டானா?" என்று கேட்பார். என் பேர்கூடச் சில நாள் அவருக்கு வருவதில்லை. இந்தக் கேள்வி மட்டும் தவறுவதில்லை. வந்துட்டான், சாப்பிட்டுப் படுத்துட்டான் என்று நான் சொல்வேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். பொய்க்குத் தகப்பன் பிசாசு என்று வேதம் சொல்வது எனக்கும் தெரியும். தெரிந்துதான் உனக்காக ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யைச் சொல்கிறேன்.

உன் கல்யாணத்தன்று சாயங்காலமும் அவர் கேட்பார். இன்னைக்கு அவனுக்குக் கல்யாணம், விருந்து சாப்பிட்டுட்டான் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யாகவும் இருக்காது. அவர் சந்தோஷப்படுவார். எழுந்து சட்டையைத் தேடுவார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நம்மள ஏன் கூப்பிடல?" என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்லட்டும், சாமு? உன் பாஸ்டரைக் கேட்காமல், நீயே யோசித்து எழுதி அனுப்பு. நீ எழுதுவதை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா